ஒரு நிமிடம் நின்ற வசவு

வாய் திறந்து ஒரு கெட்ட வார்த்தை பேசியறியாத ஒரு மருமகள், குற்றவியல் ஆய்வகத்தில் ஒன்பது வருடமாகப் படித்ததெல்லாம் ஊராரின் வசவுகளைத்தான். ஒரு செய்தித்தளத்தின் கருத்துப்பெட்டியில் கொட்டியவற்றை நேரம் பார்த்து அடுக்கியபோது ஒன்று பிடிபட்டது. முக்கால்வாசி வசவுகள், செய்தியைத் திறந்த ஒரு நிமிடத்துக்குள் வந்தவை. திட்டியவர்களும் ரவுடிகள் அல்ல, வீட்டில் பூனைக்குப் பால் ஊற்றும் சாதுக்கள்.

"எழுதினது உடனே போகாம ஒரு நிமிஷம் நிக்கட்டும் சார்" என்றாள்.

ஆய்வக இயக்குநர் சிரித்தார். "ஒன்பது வருஷம் படிச்சு இவ்வளவுதானாம்மா? சரி, அந்தத் தளத்துக்காரங்ககிட்ட சொல்லி ஒரு மாசம் வெச்சுப் பாரு. வசவு குறையலேன்னா உன் பிரிவுக்குப் பூட்டுதான்."

மூன்றாம் வாரம், அந்தப் பூட்டு கண்முன் ஆட, வீட்டுக்கு வந்தாள். கூடத்தில் மாமனார் கைபேசியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

"என்ன எழவும்மா இது! ஒரு நடிகையை நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி கேட்டு எழுதினேன். 'ஒரு நிமிடத்தில் போகும், மாற்ற வேண்டுமா?'ங்குது. திரும்பப் படிச்சா எனக்கே அசிங்கமா இருக்கு. அழிச்சுட்டேன்."

"நீங்களா மாமா அங்கெல்லாம் எழுதுறது?"

"ஊரே எழுதுது, நான் எழுதக் கூடாதா?"

மாதக் கடைசியில் வசவு பாதியாகக் குறைந்திருந்தது. பிரிவு தப்பியது. குறைந்த பாதியில் மாமனாரின் பங்கு எவ்வளவு என்பதை மட்டும் அவள் ஆராயவில்லை. குடும்பமும் நடத்த வேண்டுமே!