வழுக்காத பலகைக்கு அடித்த பெயின்ட்

2005இல் என் மைத்துனன் மரக்காணம் கழிமுகத்தில் சுற்றுலாப் படகு விட்டான். நீந்துபவர்கள் ஏறுவதற்குப் பின்புறம் ஒரு பலகை வேண்டும். மரமா, ஃபைபரா என்று வாரக்கணக்கில் வாதாடினோம். ஃபைபர் ஈரத்தில் வழுக்கும் என்று நான் சொல்லிச் சொல்லி, கடைசியில் மரப்பலகையே வைத்தான்.

ஆயுத பூஜைக்கு மறுநாள் என் மனைவி நீந்திவிட்டு அதில் கால் வைத்ததும் வழுக்கி, தண்ணீருக்குள் படகைத் தள்ளும் இன்ஜின் விசிறி பக்கமாக விழுந்தாள். நல்லவேளையாக இன்ஜின் ஓடவில்லை. முழங்காலில் சிராய்ப்போடு போயிற்று.

பலகையைத் தடவினேன். கண்ணாடி மாதிரி இருந்தது.

"என்னப்பா பண்ணி வெச்சிருக்கிற?"

"பூஜைக்குப் பளபளன்னு இருக்கட்டும்னு பெயின்ட் அடிச்சேன் மாமா. ரெண்டு கோட்டு."

"அதுக்கு ஃபைபரே வாங்கியிருக்கலாமே?"

"அது வழுக்கும்னு நீங்கதானே சொன்னீங்க?"

"ஏண்டா, பூஜைக்கு அக்காவையே பலி குடுக்கப் பாத்தியா?" என்றாள் மனைவி, முழங்காலைப் பிடித்தபடி.

அன்றே பெயின்டைச் சுரண்ட வைத்தேன். இப்போது பலகையைக் கையால் தடவிப் பார்க்காமல் எந்தப் படகிலும் ஏறுவதில்லை. இந்த வருட ஆயுத பூஜைக்கு முதல் நாளே, மைத்துனன் வீட்டுப் பெயின்ட் டப்பாவை என் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன்.