லிஃப்ட்காரர் நிறுத்திய வரிசை

செருப்பைப் பார்த்தே ஆளை எடைபோடுவதில் லிஃப்ட்காரரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. அவர் வேலை பார்த்தது உயரமான ஓர் அலுவலகக் கட்டடத்தில். வாசலுக்கு நேரே கண்ணாடி பதித்த லிஃப்ட். பின்பக்கம், குப்பைத் தொட்டிகளை ஒட்டி, சரக்கு லிஃப்ட். முன் லிஃப்டுக்குள் ஒரு முக்காலியைப் போட்டுக்கொண்டு இவர் உட்கார்ந்திருப்பார். யாராவது உள்ளே கால் வைத்தால் பார்வை முகத்துக்குப் போகாது, நேரே கீழே போகும். பாலிஷ் போட்ட தோல் ஷூ என்றால் எழுந்து நின்று, "எத்தனாவது மாடி சார்?" என்பார். தேய்ந்த ரப்பர் செருப்பு என்றால் உட்கார்ந்த இடத்திலிருந்தே, "பின்னாடி போப்பா, அங்க ஒண்ணு இருக்கு" என்பார்.

அதற்காக அவரைக் கெட்ட மனிதர் என்று சொன்னால் பாவம் பிடிக்கும். பின்பக்கம் அனுப்பிய ஆளையே டீ வேளையில் கூப்பிட்டுத் தன் டம்ளரில் பாதியை ஊற்றிக் கொடுப்பார். மூட்டையோடு யாராவது தடுமாறினால் ஓடிப்போய்த் தாங்கிப் பிடிப்பார். பிடித்துக்கொண்டு போவது மட்டும் சரக்கு லிஃப்டுக்குத்தான். தேய்ந்த செருப்பெல்லாம் பின்பக்கம்தான் என்று உத்தரவு போட்ட மேலாளர் எப்போதோ ஓய்வு பெற்றுப் போய்விட்டார். உத்தரவு போகவில்லை, இவருடைய வாயிலேயே குடியிருந்துவிட்டது.

இந்த வேலையை வாங்கிக் கொடுத்ததே அக்காதான். அம்மா போன பிறகு, பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் சேர்ந்து தம்பியை வளர்த்தவள் அவள். அந்த மேலாளரின் வீட்டுத் துணிகளையும் ஓய்வு நேரத்தில் வெளுத்துக் கொடுத்து, கெஞ்சிக் கூத்தாடி, தம்பியை அந்த முக்காலியில் உட்கார வைத்தாள். தம்பிக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு அக்கா வரும்போது, அவர் பார்வை அவளுடைய காலுக்குப் போகும். அப்புறம் பின்பக்கம் போகும். அவளுக்குச் சிரிப்பு வந்துவிடும்.

"உன் லிஃப்ட்ல நான் ஏறினா கயிறு அறுந்துடுமாடா?"

"சும்மா இருக்கா. யாராவது பாத்தா என் வேலைக்கு உலை."

"சரிடா ராசா. நான் வெங்காய மூட்டையோட வர்றேன், நீ பெரிய மனுசங்களோட வா" என்று சொல்லிவிட்டு, சாப்பாட்டுத் தூக்கை ஆட்டிக்கொண்டே பின்பக்கம் போவாள். அவள் கோபித்துக்கொண்டதே இல்லை. கோபித்துக்கொண்டிருந்தால் ஒருவேளை நம் ஆளுக்கு அப்போதே உறைத்திருக்கும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் லிஃப்ட்காரர் தேவாலயச் சபையில் உதவியாளர். வெள்ளைச் சட்டையை மடிப்புக் கலையாமல் போட்டுக்கொண்டு நடுவழியில் நின்றால், அவர் கையசைவுக்குக் கட்டுப்படாத ஆள் இல்லை. முக்கியமாக, மாதம் ஒருமுறை அப்பமும் திராட்சைரசமும் பகிரும் திருவிருந்து நாட்களில். அந்தச் சபையில் எல்லாருக்கும் ஒரே வெள்ளிக் கிண்ணம். போதகர் ஒவ்வொருவர் வாயருகிலும் அதைப் பிடிப்பார், விளிம்பை ஒரு துணியால் துடைப்பார், அடுத்தவரிடம் போவார். எந்த வாய் முதலில், எந்த வாய் கடைசியில் என்று யாரும் எங்கும் எழுதி வைக்கவில்லை. ஆனாலும் முன் பெஞ்சுக்காரர்கள் முதலில் போனார்கள். ஊர் மில்லுக்குச் சொந்தக்காரரான மில்காரம்மா எல்லாருக்கும் முதலில். அந்தக் கிண்ணமே அவர் வாங்கிக் கொடுத்ததுதான். ஆஸ்பத்திரி ஆட்களும் சாக்கடை அள்ளுகிறவர்களும் கடைசிப் பெஞ்சுகளில் உட்கார்ந்திருந்து கடைசியில் போனார்கள். இந்த ஒழுங்கு குலையாமல் கண்ணும் கருத்துமாகக் காத்தவர் லிஃப்ட்காரர். பீடத்தின் முன்னால் எல்லாரும் மண்டியிடுவது எதற்காக என்று அவர் யோசித்ததில்லை. ஆண்டவரே தச்சு வேலை முடித்து, மரத்தூள் ஒட்டிய காலோடு வந்து நின்றிருந்தால், இந்த மனிதர் அவருக்கும் பின்பக்கத்தைத்தான் காட்டியிருப்பார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்காவுக்குப் பகல் முறை வேலை. திருவிருந்தை எடுத்துக்கொண்டு ஓட வேண்டும். அதனால் கடைசிப் பெஞ்சிலிருந்து எழுந்து, முன் பெஞ்சுக்காரர்கள் போகும்போதே தானும் பின்னால் நடந்தாள். சீருடை போட்டிருந்தாள். பிளீச்சிங் பவுடர் வாசனை அவளுக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்தது. மில்காரம்மா திரும்பிப் பார்த்தார். சும்மா பார்த்தாரோ, மூக்கைச் சுளித்தாரோ, யாருக்குத் தெரியும். லிஃப்ட்காரரின் கை மட்டும் நடுவழியில் குறுக்கே நீண்டது.

"நில்லுக்கா. அவங்க முடிக்கட்டும்."

மெதுவாகத்தான் சொன்னார். ஆனால் பாட்டு நின்றிருந்த நேரம். இரண்டு பக்கத்துப் பெஞ்சுகளுக்கும் கேட்டது. அக்கா அந்தக் கையைப் பார்த்தாள். குழந்தையாக இருந்தபோது அவள் சோறு ஊட்டிக் கழுவிவிட்ட கை. அப்புறம் தம்பி முகத்தைப் பார்த்தாள். திரும்பி நடந்து, வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போய்விட்டாள்.

வெட்கக்கேடு என்னவென்றால், அன்று முழுக்க லிஃப்ட்காரர் சந்தோஷமாக இருந்தார். ஆராதனை முடிந்து வெளியே வரும்போது மில்காரம்மா அவரைப் பார்த்துத் தலையசைத்திருந்தார். அதிலேயே அவருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. மனைவியிடம் அதை இரண்டு முறை சொன்னார். "அக்காவைப் பத்தி ஒண்ணும் சொல்லலியே" என்று மனைவி கேட்ட பிறகுதான் சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்தார்.

அக்கா அதற்குப் பிறகும் சபைக்கு வந்தாள். பாடினாள், ஜெபித்தாள், வாசலில் தம்பி பிள்ளைகளின் கன்னத்தைக் கிள்ளினாள். திருவிருந்து வேளையில் மட்டும் எழுந்திருக்கவில்லை. கடைசிப் பெஞ்சில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அடுத்த மாதம் சரியாகிவிடும் என்று இவர் நினைத்தார். அடுத்த மாதமும் அவள் எழுந்திருக்கவில்லை. ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அதற்குப் பதிலாக அவள் வீட்டுக் குழாயைச் சரிபண்ணிக் கொடுத்தார், பழம் வாங்கிப் போனார், ஒழுகிய கூரைக்குத் தகடு அடித்தார். "என்னடா, திடீர்னு பாசம் பொங்குது?" என்று அவள் கேட்டால், "ஏன், பொங்கக் கூடாதா?" என்று சிரித்து மழுப்புவார். மன்னிப்பு என்கிற சொல் வாய்வரைக்கும் வரும். அதை மென்று முழுங்குவார். இப்படியே வருஷங்கள் போயின. நாளைக் கடத்துவதற்கு மனிதனுக்குச் சாக்கா கிடைக்காது?

பிறகு புதிதாக ஒரு போதகர் வந்தார், இளவயதுக்காரர். ஒரு ஞாயிறு பிரசங்கத்தில், ஆதிச் சபையில் நடந்த ஒன்றைச் சொன்னார். அந்தக் காலத்தில் திருவிருந்து என்பது உண்மையிலேயே சாப்பாடுதான். வசதிக்காரர்கள் சீக்கிரமே வந்து வயிறாரச் சாப்பிட்டுவிடுவார்கள். வேலை முடித்து ஓடி வருகிற கூலிகளுக்கு வெறும் பாத்திரம் மிஞ்சும். "அப்படிச் சாப்பிட்டது ஆண்டவருடைய விருந்தே இல்லைன்னு, அந்தச் சபையைத் தொடங்கின அப்போஸ்தலர்கிட்டேருந்து அவங்களுக்குக் கடுதாசி வந்துச்சு" என்றார் போதகர். "ஏழைகளை வெட்கப்பட வச்சவங்க, அப்பத்தை மட்டும் சாப்பிட்டுட்டுப் போனாங்க. ஆண்டவர் அந்தப் பக்கம் நின்னுட்டார், பசியோட வந்தவங்க பக்கம்."

தூணோரம் நின்ற லிஃப்ட்காரருக்கு, அன்று நடுவழியில் தான் நீட்டிய கை நினைவுக்கு வந்தது. வேலை முடித்து ஓடி வந்தவள் இல்லை அவள், வேலைக்கு ஓட வேண்டியவள், வித்தியாசம் அவ்வளவுதான். திரும்பிக் கடைசிப் பெஞ்சைப் பார்த்தார். அக்கா இருமிக்கொண்டிருந்தாள்.

அந்த இருமல் நிற்கவில்லை. எத்தனையோ காலம் பிளீச்சிங் தூளையும் கொதிநீர் ஆவியையும் சுவாசித்த நுரையீரல். தான் வெளுத்துக் கொடுத்த ஆஸ்பத்திரி விரிப்புகளில் ஒன்றின் மேலேயே, கீழ்த்தளத்துப் பொது வார்டில், அக்கா படுத்தாள். "இந்தத் தடவை எவளோ சரியா அலசல, பாரு" என்று விரிப்பைத் தடவிப் பார்த்துக் குறை வேறு சொன்னாள்.

ஒரு மாலை, லிஃப்ட்காரர் அவள் கட்டிலோரம் உட்கார்ந்து, ஒருவழியாக வாயைத் திறந்தார்.

"அக்கா, நீ ஏன் திருவிருந்துக்கு வரவே மாட்டேங்கிற?"

"நீதானடா நில்லுன்னு சொன்னே. அப்புறம் வான்னு சொல்லவே இல்லியே."

லிஃப்ட்காரர் குழந்தை மாதிரி அழுதார். பக்கத்துக் கட்டில்காரி முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"என்னை மன்னிச்சுடுக்கா. இப்பச் சொல்றேன். வாக்கா."

"இப்ப எங்கடா வர்றது? எழுந்து உக்காந்தாலே மூச்சு வாங்குது." அவர் தலையில் கையை வைத்தாள். "அழாதடா. நாளைக்கு ஐயாவை இங்க கூட்டிட்டு வா. நானும் நீயும் ஒண்ணா எடுப்போம். எனக்கு அது போதும்."

மறுநாள் காலை போதகர் சின்னப் பெட்டியோடு வந்தார். உள்ளே அப்பம், திராட்சைரசம், நோயாளிகளுக்கென்று இருக்கும் சிறு கிண்ணம். லிஃப்ட்காரர் அதே வெள்ளைச் சட்டையில் ஆஸ்பத்திரி வாசலிலேயே காத்திருந்தார். இருவரும் உள்ளே வந்தார்கள். வலப்பக்கம் திரும்பினால் பொது வார்டு. நேரே லிஃப்ட், கதவு திறந்தபடி.

"நம்ம சபையில வேற யாராவது இங்க இருக்காங்களா?" என்று கேட்டார் போதகர்.

"மில்காரம்மா மேல ரூம்ல இருக்காங்க ஐயா. குளியலறையில வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிஞ்சுடுச்சு."

"அப்படியா? யார்கிட்ட முதல்ல போகலாம்?"

"மேல போயிட்டுக் கீழ வந்துடலாம் ஐயா."

சொன்ன பிறகுதான் தான் சொன்னதே அவர் காதில் விழுந்தது. திருத்தியிருக்கலாம். அதற்குள் கால் லிஃப்டுக்குள் போய்விட்டது, விரல் பொத்தானை அழுத்திவிட்டது. மேலே சட்டென்று முடித்துவிட்டால் அக்காவிடம் ஆற அமர இருக்கலாமே என்று மனசு உடனே ஒரு நியாயத்தையும் தேடிக் கொடுத்தது. கதவு மூடிக்கொண்டது.

மேலே சட்டென்று முடியவில்லை. மில்காரம்மா போதகரைப் பார்த்ததும் கண்கலங்கிவிட்டார். மகனுக்காக ஜெபம், மகளுக்காக ஜெபம், வலி தாங்கும் பெலத்துக்காக ஜெபம். திருவிருந்து எடுத்த பிறகு, காப்பி குடிக்காமல் விடமாட்டேன் என்றார். லிஃப்ட்காரர் கையிலும் ஒரு கோப்பையைத் திணித்தார்கள். அது ஆறுகிறவரைக்கும் அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஆனாலும், "அக்கா காத்திருக்கா" என்று சொல்ல வாய் வரவில்லை. அந்த அம்மா முன்னால் அவர் எப்போதும் நின்று பழகியவர், இடைமறித்துப் பேசிப் பழகியவர் இல்லை.

கீழே வந்தபோது அக்காவின் கட்டிலைச் சுற்றித் திரை இழுத்திருந்தார்கள். நர்ஸ் வெளியே வந்து, தலையைக் குனிந்துகொண்டு போனாள்.

பக்கத்துக் கட்டில்காரி எழுந்து உட்கார்ந்திருந்தாள். "இப்பதான் தம்பி. இவ்வளவு நேரம் வாசலையே பாத்துக்கிட்டு இருந்தாங்க. உங்க குரல் கேட்டுச்சு, 'வந்துட்டான்'னு சொல்லித் தலைமுடியைக் கோதிக்கிட்டாங்க. அப்புறம் லிஃப்ட் கதவு மூடுற சத்தம் கேட்டுச்சு."

போதகருக்கு விளங்கியது. பெட்டியைக் கீழே வைத்துவிட்டு லிஃப்ட்காரரின் தோளைப் பிடித்தார். லிஃப்ட்காரர் திரையை விலக்கிக்கொண்டு உள்ளே போய், அக்காவின் கையைத் தன் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார். வெந்து வெளுத்து, ரேகைகளே தேய்ந்துபோன கை. "வந்துட்டேன்க்கா" என்றார். கேட்க வேண்டியவள் இல்லை.

அடக்கத்துக்குச் சபை முழுக்க வந்தது. மில்காரம்மாகூட டாக்டர் சொல்லையும் கேட்காமல் சக்கர நாற்காலியில் வந்தார். நல்ல மனசோடுதான் வந்தார். அதைக் குறை சொல்வதற்கில்லை. மண் மூடியதும், நாற்காலியை அருகே தள்ளச் சொல்லி, லிஃப்ட்காரரின் கையைப் பிடித்துக்கொண்டு, எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்.

"கூடப் பொறந்தவ கீழ உயிருக்குப் போராடிக்கிட்டு இருந்தப்போ, முதல்ல என்கிட்ட ஐயாவைக் கூட்டிட்டு வந்தீங்களே. அந்த மனசு யாருக்கு வரும் தம்பி?"

சுற்றி நின்றவர்கள் ஆமாம் என்று தலையாட்டினார்கள். லிஃப்ட்காரர் அவர் முகத்தையே பார்த்தார். இத்தனை வருஷத்தில் அவர் அந்த அம்மாவின் முகத்தை நேராகப் பார்த்தது அதுதான் முதல் தடவை. வயதான, வலியில் வாடிப்போன, சாதாரண முகம்.

"அது மனசு இல்லம்மா, பழக்கம்" என்றார். "எங்க அக்காவை நான் ரெண்டு தடவை நிக்க வச்சேன். ரெண்டு தடவையும் உங்களுக்காகத்தான். நீங்க என்கிட்ட அதைக் கேக்கவே இல்லம்மா."