முதலைக்குக் கத்திய ஸ்டெல்லா

இரண்டாயிரத்து மூன்றாம் ஆண்டு ஹைதராபாத்தில் தொண்டை ஒழுங்காக இருந்த எல்லோருக்கும் ஏதாவது ஒரு வேலை கிடைத்தது. மெட்டுகுடா ரயில்வே குவார்ட்டர்ஸில் பக்கத்து வீட்டுப் பெண் கால் சென்டரில் சேர்ந்து, நான்சி என்று பெயரை மாற்றிக்கொண்டு, முகம் தெரியாத அமெரிக்கர்களிடம் மன்னிப்புக் கேட்டுச் சம்பளம் வாங்கினாள். எதிர்வீட்டுப் பையன் அமெரிக்க உச்சரிப்பு வகுப்புக்குப் போனான். மூன்றாவது வாரத்திலிருந்து அவன் கேட்பது தண்ணீரா காபியா என்று அவன் அம்மாவுக்கே விளங்கவில்லை. ஸ்டெல்லாவும் அமெரிக்காவுக்காகத்தான் தொண்டையைக் கொடுத்தாள். ஆனால் அவள் பேசவில்லை, கத்தினாள்.

அப்போது அவளுக்கு நாற்பதை நெருங்கும் வயது. கணவர் இஞ்ஞாசி ரயில்வே ஒர்க்ஷாப்பில் பிட்டர். தாத்தா காலத்தில் ஜோலார்பேட்டையிலிருந்து வந்து தங்கிவிட்ட குடும்பம். மாதா கோயில் பாடகர் குழுவில் மேல் குரல் ஸ்டெல்லாவுடையது. அந்த வருடத் திருவிழாவில் பாட்டின் நடுவே கரண்ட் போயிற்று. மைக் நின்றது, கீபோர்டு நின்றது, மற்றவர்களும் நிறுத்திவிட்டார்கள். ஸ்டெல்லா நிறுத்தவில்லை. வெளியே சாலையில் ஆட்டோக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மைக்செட் போட வந்திருந்த அப்துல் காதர் பூசை முடியும்வரை பொறுத்திருந்து கிட்டே வந்தார்.

"அக்கா, உங்களுக்குக் கத்த வருமா?"

இஞ்ஞாசி முந்திக்கொண்டார். "வீட்ல வேற இன்னா பண்றா பாய்?"

அப்துல் காதர் வாணியம்பாடிக்காரர். மைக்செட் போக அவருக்கு இன்னொரு தொழிலும் இருந்தது. தியேட்டர் வாசலையே மிதிக்காமல் நேராக டிஸ்கில் இறங்கும் அமெரிக்கப் படங்கள் உண்டு. ராட்சத நண்டு, ராட்சதத் தேள், ராட்சத வௌவால். கைக்கு அடக்கமாகப் பிறந்த எந்த ஜீவனையும் ரசாயனக் கழிவில் முக்கி எடுத்து, அடுக்குமாடிக் கட்டடத்தின் உயரத்துக்கு வளர்த்துவிடுவார்கள். அப்துல் காதர் இவற்றை மொத்தமாக வாங்கித் தெலுங்கு பேசவைத்து விசிடியாக விற்றுவந்தார். சென்னை வியாபாரி ஒருவர் தமிழிலும் கேட்டார். தமிழுக்காகச் சென்னைவரை போவானேன், மெட்டுகுடாவிலேயே அது கிடைக்கிறதே என்று பாய் நினைத்தார்.

ஸ்டுடியோ என்பது திருமுல்கேரியில் டயர் கடைக்கு மேலே ஓர் அறை. சத்தம் எதிரொலிக்காமல் இருக்கச் சுவரெல்லாம் முட்டை அட்டை ஒட்டியிருக்கும். ராணுவ லாரி போனால் ரெக்கார்டிங்கை நிறுத்திவிட்டுக் காத்திருப்பார்கள். பாதி மென்ற ஆளோடு தேளும் திரையில் காத்திருக்கும்.

வசனம் எழுதியவர் ஜகதீசன், ராணுவக் கணக்கு அலுவலகத்தில் அதிகாரி. விஞ்ஞானிக்குக் குரல் கொடுப்பவரும் அவரே. இந்தப் படங்களில் ஒரு விஞ்ஞானி தவறாமல் வருவார். ஏரிக்குப் போகாதீர்கள் என்று எச்சரிப்பார். ஒருவரும் கேட்க மாட்டார்கள். அலுவலகத்தில் ஜகதீசன் எழுதிய குறிப்புகளுக்கும் இதே மரியாதைதான் என்பதால் அவருக்குப் பயிற்சி தேவைப்படவில்லை. வெள்ளைக்காரனின் வாய் வசனத்தைவிடக் கூடுதலாக அசைந்தால் 'என்னைப் பொறுத்தவரை' என்று போட்டு நிரப்புவார். அதனால் அவருடைய விஞ்ஞானிகள், "ஓடுங்கள்! என்னைப் பொறுத்தவரை, அது நண்டு!" என்று கூவினார்கள்.

முதல் நாள் திரையில் ஒரு பெண் வெறும் வானத்தைப் பார்த்து வாயைத் திறந்தாள்.

"நண்டு எங்க பாய்?" என்றாள் ஸ்டெல்லா.

"கடைசிலதான்க்கா வரும். அதைக் காட்டினா அவங்களுக்குச் செலவு. நீங்க இருக்கிறதா நெனச்சுக் கத்துங்க."

"நக்கோ பாய்," என்று ஹைதராபாத் பாஷையில் மறுத்தாள். "பாக்காம எப்படி பயப்படறது?"

அப்துல் காதர் அலுத்துக்கொண்டே படத்தை ஓட்டி நண்டைக் காட்டினார். நண்டின் கால் ஒரு காருக்குள் நுழைந்து மறுபக்கம் வந்தது. காரில் ஒரு கீறல்கூட விழவில்லை. ஸ்டெல்லா சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அப்புறம் எழுந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, கத்தினாள். கீழேயிருந்து டயர் கடைக்காரர் இரும்புக் கம்பியோடு மாடியேறி வந்துவிட்டார்.

அதற்குப் பிறகு எந்த ஜந்து வந்தாலும் ஸ்டெல்லாதான். அவளும் அதை வேலையாகவே எடுத்துக்கொண்டாள். தேள் பின்னாலிருந்து வரும், அதற்கு மூச்சு உள்ளே இழுபட்டுக் கத்தல் தாமதமாக வர வேண்டும். வௌவாலுக்குத் தலை நிமிர்ந்திருப்பதால் குரல் மெலிய வேண்டும் என்றெல்லாம் சொன்னாள். முதலைக்குக் கத்தியதுதான் உச்சம். அடிவயிற்றில் கிளம்பி, நடுவில் உடைந்து, ஒரு விக்கலில் போய் நின்றது. ஜகதீசன் தன் வசனத்தை மறந்து நின்றார். அப்துல் காதர் அதைக் கம்ப்யூட்டரில் தனியாக எடுத்து வைத்துக்கொண்டார்.

வீட்டில் ஸ்டெல்லா பேச்சைக் குறைத்துக்கொண்டாள். வெந்நீர், தேன், சைகை. "சண்டை போடக்கூட ஆள் இல்ல," என்று இஞ்ஞாசி ஒர்க்ஷாப்பில் புலம்பினார்.

இரண்டு வருடத்தில் தொண்டை போயிற்று. டாக்டர் உள்ளே பார்த்துவிட்டு, "டீச்சரா?" என்று கேட்டார். என்ன வேலை என்று சொன்னதும் சற்று நேரம் எழுதுவதை நிறுத்திவிட்டார். பேசவே கூடாது என்றார். குணமான பிறகும் அந்த மேல் குரல் திரும்பவில்லை. பாடகர் குழுவில் அவளைக் கீழ்க் குரல் வரிசைக்கு மாற்றினார்கள். பதினாறு வயதிலிருந்து நின்ற இடத்தைவிட்டு நகர்ந்த அன்று, பாட்டுப் புத்தகத்தில் முகத்தை மறைத்துக்கொண்டு அழுதாள்.

கத்தப் போகாமல் வீட்டில் இருந்த அந்த நாட்களில்தான் ஒருநாள் மத்தியானம், நான்சி வீட்டு டிவியிலிருந்து அவளுடைய கத்தல் கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தாள். ராட்சதக் குளவிப் படம். அந்தப் படத்தை அவள் கண்டதேயில்லை. திரையில் இருந்த அத்தனை பெண்களும், ஒரு கிழவி உட்பட, ஸ்டெல்லாவின் ஒரே அலறலைப் பகிர்ந்துகொண்டார்கள்.

மறுநாள் ஆட்டோ பிடித்துத் திருமுல்கேரி போனாள்.

"நீங்க ரெஸ்ட் எடுங்கக்கா. உங்க குரல் இங்க டியூட்டி பாக்குது," என்றார் அப்துல் காதர் குளிர்ந்த முகத்தோடு.

"அது முதலைக்குக் கத்தினது பாய். குளவிக்குப் போட்டிருக்கீங்க!"

"கைக்கூ, எதுக்குக்கா டென்ஷன்? யாருக்குத் தெரியப் போகுது?"

"எனக்குத் தெரியுதே."

ஜகதீசன் தொண்டையைச் செருமினார். "என்னைப் பொறுத்தவரை, அவங்க சொல்றது நியாயம்." வழக்கம்போல யாரும் அவரைக் கவனிக்கவில்லை.

ஆனாலும் ஸ்டெல்லா நாற்காலியைவிட்டு எழவில்லை. கடைசியில் அப்துல் காதர் இறங்கிவந்து, அடுத்த படத்தில் ஒரு காட்சி கொடுத்தார். ராட்சதப் பல்லி ஜன்னலில் எட்டிப் பார்க்கிறது, உள்ளே ஒருத்தி தனியாக இருக்கிறாள். ஸ்டெல்லா கத்தவில்லை. கத்தவும் முடியாது. வாயைத் திறந்தாள், காற்று மட்டும் வந்தது. பிறகு நாக்கு ஒட்டிக்கொள்ளும் சிறு ஓசை. பிறகு ஒரு பெயரைக் கூப்பிட முயன்று பாதியில் விட்டாள். லாரி ஒன்று போனதைக்கூட யாரும் கவனிக்கவில்லை; அது ரெக்கார்டிங்கில் பதிந்துவிட்டது.

இஞ்ஞாசி அந்த விசிடியை வீட்டில் போட்டுப் பார்த்தார். அதுவரை எல்லாப் படத்துக்கும் விழுந்து விழுந்து சிரித்தவர், அந்த இடத்தில் எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினார். "இன்னாடி இது," என்றார். அவ்வளவுதான் சொன்னார். ஸ்டெல்லாவுக்கு அது போதுமாக இருந்தது.

ரசிகப் பெருமக்களுக்குப் போதவில்லை. முக்கியமான இடத்தில் சவுண்டு போய்விட்டது, டிஸ்க் ரிப்பேர் என்று சென்னைக் கடைகளில் திருப்பிக் கொடுத்தார்கள். அப்துல் காதர் அந்தக் காட்சியில் முதலைக் கத்தலைப் போட்டு மறுபடி வெளியிட்டார். அப்புறம் ஒரு புகாரும் இல்லை.

ஸ்டெல்லா அதோடு நிறுத்திக்கொண்டாள். டிவி சேனல்களே சென்னையில் டப்பிங் செய்ய ஆரம்பித்ததும் விசிடி வியாபாரம் படுத்தது. முட்டை அட்டைகளைப் பிய்த்துவிட்டு அந்த அறையில் ஜாவா சொல்லிக்கொடுக்கத் தொடங்கினார்கள். அப்துல் காதர் ரிங்டோன் விற்கப் போனார். ஜகதீசன் ஓய்வுபெற்றபோது, அலுவலகத்தில் அவருடைய பெயரைத் தப்பாக அச்சடித்துச் சால்வை போர்த்தினார்கள்.

இரண்டாயிரத்துப் பதினொன்றில் பெரம்பூரில் ஓர் உறவுக்காரர் கல்யாணம். மாடியில் பிள்ளைகள் டிவியில் ராட்சத எறும்புப் படம் பார்த்துக் கெக்கலித்துக்கொண்டிருந்தார்கள். இஞ்ஞாசிக்குப் பெருமை தாங்கவில்லை.

"இந்த மாதிரிப் படத்துக்கெல்லாம் கத்தினது யாரு தெரியுமா? இதோ, உங்க அத்தைதான்!"

பிள்ளைகள் டிவியை விட்டுவிட்டு அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். "அத்தை, ஒரே ஒரு தடவை கத்திக் காட்டுங்க அத்தை!"

ஸ்டெல்லா புடவையைச் சரிசெய்துகொண்டாள். "நக்கோ கண்ணுங்களா. கீழ முதல் பந்தி இப்பதான் உக்காந்திருக்கு," என்றாள். "எல்லாரும் எலையோட எழுந்து ஓடிடுவாங்க."