இலவச பஸ்ஸில் ஏற முடியாதவளின் ஜெபம்

என் பெயர் சலோமி. உத்திரமேரூர் பக்கத்தில் ஒரு காலனியில் இருக்கிறேன். நடவுக்கும் களை பறிக்கவும் போய்ப் பிழைத்தவள். நான்கு வருஷத்துக்கு முன் வேலை முடிந்து திரும்பும்போது டிராக்டர் பெட்டியிலிருந்து விழுந்தேன். முதுகெலும்பு முறிந்தது. அன்றிலிருந்து சக்கர நாற்காலிதான்.

கால் போன துக்கத்தை அழுது தீர்க்கலாம். அதற்குப் பிறகு உயிரோடு இருக்க ஆகிற செலவை எதைக் கொண்டு தீர்ப்பது? பெண்களுக்கு பஸ் இலவசம். எனக்கும்தான். ஏற முடியாது. அரசாங்கம் தரும் உதவித்தொகையை எடுக்கப் போனாலும் ஆட்டோ. சக்கர நாற்காலியையும் ஏற்ற வேண்டும் என்று கூடுதல் காசு கேட்பார்கள். என்னைத் தூக்கி உட்கார வைக்க என் வீட்டுக்காரர் தேவராஜ் அன்றைய கூலியை விட வேண்டும்.

சிறுநீர் தானாகப் போகாது. ட்யூபும் பையும்தான். மாதம் தவறாமல் மாற்றச் சொன்னார்கள். ட்யூபுக்குக் காசு, மாற்றிவிடுகிறவருக்குக் காசு, போய்வரக் காசு. அதனால் தள்ளிப்போட்டோம்.

சபையார் வந்து தலையில் கைவைத்து ஜெபிப்பார்கள். எழுந்து நட என்பார்கள். நான் எழவில்லை. "உனுக்கு விசுவாசம் பத்தலம்மா" என்று ஒரு அக்கா சொல்லிவிட்டு டீ குடித்துப் போனார். அந்தப் பாலும் எங்கள் செலவுதான்.

போன மழைக்காலத்தில் குளிர் ஜுரம் வந்து உடம்பு தூக்கிப் போட்டது. ட்யூபில் ரத்தம். தேவராஜ் ஓடிப்போய் ஆட்டோக்காரரைக் கேட்டார். "நாத்தம் அடிக்குது, சீட்டு பாழாப் பூடும். டபுளா குடுத்தா வரேன்" என்றாராம். பணம் புரட்ட இவர் போய்விட்டார்.

தனியாகக் கிடந்தேன். எப்போதும் ஆண்டவரை 'நீர்' என்றுதான் கூப்பிடுவேன். அன்று 'நீ' என்றேன். "என்னை நடக்க வைக்க வேணாம். ஒண்ணு வழி காட்டு, இல்ல எடுத்துக்கோ."

சொல்லி முடித்து முனகிக்கொண்டிருந்தேன். எதிர் வீட்டுக்குச் சர்க்கரை மாத்திரை கொடுக்க வந்த அரசு ஆஸ்பத்திரி நர்ஸ் அக்கா சத்தம் கேட்டு உள்ளே வந்தார். துணியை விலக்கிப் பார்த்தவர் முகம் மாறியது.

"இன்னாம்மா இது? ட்யூபு எப்ப மாத்துன?"

"மூணு மாசம் இருக்கும்க்கா. துட்டு இல்ல."

"வூட்டுக்கே வந்து சும்மா மாத்திட்டுப் போறோமே நாங்க. உனுக்கு யாரும் சொல்லலயா?"

"இல்லக்கா."

பதற்றத்தில் எங்களுக்குத் தோன்றாத ஆம்புலன்ஸை அவரே கூப்பிட்டு, கூடவே ஏறினார். இன்னும் தாமதித்திருந்தால் கிட்னி போயிருக்கும் என்றார் டாக்டர். பிழைத்தேன். என் தேவன் கேட்டார். அதை மறுக்க மாட்டேன்.

ஆனால் ஆஸ்பத்திரிக் கட்டிலில் எனக்கு முதலில் வந்தது ஸ்தோத்திரம் இல்லை, ஆத்திரம். மாதாமாதம் எதிர் வீட்டுக்கு வந்துபோன நர்ஸ். நடுவில் ஒரு தெரு. எத்தனையோ பேர் என் தலையில் கைவைத்தார்கள், ஒருவர்கூட ட்யூபுக்கு என்ன செய்கிறாய் என்று கேட்கவில்லை.

பிழைத்ததைச் சபையில் சாட்சியாகச் சொன்ன அன்று இதையும் சொன்னேன். அல்லேலூயா சொல்ல வாயெடுத்தவர்கள் குனிந்துகொண்டார்கள். விசுவாசம் பத்தவில்லை என்ற அந்த அக்கா மட்டும் அழுதார்.

இப்போது நர்ஸ் அக்கா மாதம் தவறாமல் வருகிறார். அந்தச் செலவு நின்றது. ஆட்டோச் செலவு நிற்கவில்லை. திருமுக்கூடலில் பனைமரத்திலிருந்து விழுந்து படுத்திருக்கும் ஒரு சகோதரரைப் பார்க்க ஆட்டோ பிடித்தே போனேன். ஜெபிப்பதற்கு முன் கேட்டேன்: "இன்னா தேவைப்படுது, சொல்லுண்ணா." அவர் வெகுநேரம் பேசினார். அதுவரை யாரும் கேட்டதில்லையாம்.

கஷ்டத்தில் இருக்கிறவர்களே, ஆண்டவரை நம்புங்கள். கோபமாக இருந்தால் கோபமாகவே கூப்பிடுங்கள். இத்தனை வருஷம் ஏன் தாமதித்தீர் என்று நான் இன்றும் அவரைக் கேட்கிறேன். பதில் வரவில்லை. கேட்பதை நிறுத்தவும் இல்லை. நீங்களும் நிறுத்தாதீர்கள்.