நோம்பி இல்லாத வருடத்துத் துணிப்பூக்கள்

தை மூன்றாம் நாள், காலை ஒன்பது மணி. இடம்: பீளமேட்டில் என் மகள் குடியிருக்கும் அடுக்ககத்தின் மொட்டைமாடி. நிகழ்வு: சிறுவர்களுக்கான ‘இயற்கையோடு ஒரு காலை’. தரையில் செயற்கைப் புல் விரிக்கப்பட்டது. தொட்டிகளில் இருந்த குரோட்டன் செடிகளில் துணியாலான ஆவாரம்பூக்கள் கம்பியால் கட்டப்பட்டன. குழந்தைகள் அவற்றைப் பறித்துக் கூடையில் இட்டனர். கைகளில் கிருமிநாசினி தெளிக்கப்பட்டது. பத்தரைக்கு நிகழ்வு நிறைவுற்றது.

பதிவு அவ்வளவே. துணிப்பூவைத் தொட்ட கைக்குக் கிருமிநாசினி எதற்கு என்று நடத்தியவரைக் கேட்டேன். “ஹைஜீன் ஹேபிட்டுங்க சார்” என்றார். இயற்கையைச் சந்திக்கும் முன்பே அதைக் கழுவிக்கொள்ளப் பழக்கிவிடும் முன்யோசனையை நீங்களும் மெச்சத்தான் வேண்டும்.

என் பேத்தி யாழினிக்கு ஆறு வயது. ஒரு பூவை எடுத்து மோந்தாள். “அப்புச்சி, இதுல பெயின்ட் வாசம் வருதுங்க.” அன்று மாடியில் எதையேனும் ஆராய்ந்து பார்த்தவள் அவள் ஒருத்திதான்.

அந்த வாசம் என்னை இதே பீளமேட்டில் ஒரு பழைய ஆலைச் சுவருக்குப் பின்னால் கொண்டுபோய் விட்டது. நான் தாவரவியல் விரிவுரையாளனாகச் சேர்ந்திருந்த புதிது. என் மனைவி ஆலைக் குடியிருப்புப் பிள்ளைகளுக்குப் பாலர் வகுப்பு எடுத்தாள். பொங்கல் கழிந்து பூப்பறிக்கும் நோம்பி என்ற பண்டிகை நாளன்று அத்தனை பேரையும் அந்தச் சுவருக்குப் பின்னிருந்த புதர்க்காட்டுக்குள் இறக்கிவிடுவாள். நானும் போவேன், போனதும் இலையடுக்கு, குடும்பம், லத்தீன் பெயர் என்று தொடங்கிவிடுவேன்.

“ஏனுங்க வாத்தியாரே, பேரு எங்கீங்க ஓடிப்போயிரும்? மொதல்ல புள்ளைக மோந்து பாக்கட்டும்.”

அவள் இப்படிச் சொன்னதோடு என் விரிவுரை முடிந்துவிடும். பூளைப்பூவின் வெண்பஞ்சைக் கன்னத்தில் தேய்த்துக்கொண்டு ஒரு கூட்டம் ஓடும். ஆவாரஞ்செடியைச் சுற்றி இன்னொரு கூட்டம் மூச்சடக்கி நிற்கும். கருவண்டு பூவைப் பற்றிக்கொண்டு உறுமி மகரந்தத்தை உதிர்க்கும் ஓசைக்காக.

“டீச்சர், கடிக்குமுங்களா?”

“நீ பூவா இருந்தா கடிக்கும் கண்ணு. பேசாமக் கேளு.”

கடந்த ஆடியில் என் மனைவி இறந்தாள். இந்தத் தைக்கு யாழினியைப் பூப்பறிக்கக் கூட்டிப்போவதாக அவளிடம் சொல்லி வைத்திருந்தாள். சூலூர்ப் பக்கம் ஒரு மேட்டில் ஆவாரை இன்னும் பூக்கிறது. நிகழ்வு முடிந்ததும், நான் கூட்டிப்போகட்டுமா என்று மகளிடம் கேட்டேன்.

“வேண்டாங்கப்பா. அம்மா போயி வருசம் திரும்பல. நமக்கு இந்த வருசம் நோம்பி இல்லீங்கல்ல? சொந்தக்காரங்க என்ன பேசுவாங்க?”

“மாடியில பறிச்சது?”

“அது ஈவென்டுங்கப்பா. அதென்ன நெசப் பூவா?”

நெசப் பூ அல்ல, ஆகவே குற்றமில்லை. செத்தவளுக்குச் செய்யும் மரியாதை, உயிருள்ளதை மட்டும் விலக்கி வைப்பதாம். நான் கற்ற தர்க்க நூல் எதிலும் இந்தச் சூத்திரத்தைக் கண்டதில்லை. எந்த நோம்பியையும் பெரிதாக எண்ணாத உன் அம்மா இந்த ஒன்றைத்தான் விட்டுக்கொடுக்காதவள் என்று சொல்ல வாயெடுத்தேன். மகளின் கண் கலங்கியிருந்தது.

ஆலை இருந்த இடத்தில் இப்போது கண்ணாடி அலுவலகம். ஆவாரஞ்செடிகள் நின்ற இடம் கார்கள் நிலத்தடிக்கு இறங்கும் சரிவு. முன்புறத்தில் புல்வெளி உண்டு. ‘மிதிக்காதீர்’ என்ற பலகையும் உண்டு. அங்கே பிள்ளைகள் இல்லை, வண்டு இல்லை. ‘பேசாமக் கேளு’ என்ற குரல் இல்லை.

செய்யாமல் நிற்பவை:

சூலூர் மேட்டில் மனைக்கல் நட்டுவிட்டார்களா என்று போய்ப் பார்ப்பது.

அம்மாவுக்காக அழுவதற்கும் பூப்பறிப்பதற்கும் பகையில்லை என்று மகளிடம் குரல் உயராமல் சொல்வது.

யாழினியை ஒரு செடியின் முன் நிறுத்திவிட்டு, நான் வாயைத் திறக்காமல் இருப்பது.