செம்புக்கட்டியில் பதினாறு கோடு

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கோவில்பட்டியில் வீட்டிலிருந்தபடியே சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு வேலை பார்க்கிறேன். இன்னும் கட்டாத வீட்டைக் கட்டி முடித்த மாதிரி கம்ப்யூட்டரில் படமாக்கித் தரும் வேலை. ஒரு படம் உருவாக மணிக்கணக்காகும். அந்த வருஷம் சித்திரையில் ஜன்னலைத் திறந்தால் கரிசல் புழுதி, மூடினால் வெக்கை. பாதிப் படத்தில் கம்ப்யூட்டர் சூடேறி அணைந்துவிடும். இரண்டு தடவை சொன்ன நாளுக்கு வேலை போகவில்லை. மேனேஜர் தங்கமான மனுஷி. அவரே, இன்னொரு தடவை இப்படி ஆனால் சென்னைக்கு வந்து ஆபீசில் உட்கார்ந்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டார். என் வீட்டுக்காரருக்கு இங்கே டிராக்டர் ஒர்க்‌ஷாப். அதை எங்கே தூக்கிக்கொண்டு வருவது? கல்யாணமாகி மூன்று வருஷம்தான் ஆகியிருந்தது. நான் அங்கன, அவர் இங்கன என்று ஆகிவிடுமே.

பெரிய ஃபேன் வாங்கிப் போட்டும் பிரயோஜனமில்லை. அப்புறம்தான் வாட்டர் பிளாக் பற்றிப் படித்தேன். பிராசசர்மேல் ஒட்டி உட்காரும் ஒரு செம்புக்கட்டி. உள்ளே வாய்க்கால் வாய்க்காலாக வெட்டியிருக்கும். அதில் ஓடுகிற தண்ணீர் சூட்டை வாரிக்கொண்டு போகும். கடையிலும் கிடைக்கும்தான். ஆனால் நாள் பூராவும் அடுத்தவர் வீட்டை வரைகிறவளுக்கு, இதைத் தானே வரைய வேண்டுமென்று ஒரு கிறுக்கு.

வாய்க்கால் குறுகலாக, நிறைய இருந்தால் செம்பில் தண்ணீர் படுகிற இடம் கூடும். ரொம்பக் குறுகினால் தண்ணீரைத் தள்ளுகிற மோட்டார் திணறும். நாலைந்து தாளைக் கிழித்துப் போட்டுவிட்டுப் பதினாறு வாய்க்கால், பதினாறு கோடு என்று நின்றேன். என் வீட்டுக்காரர் பழைய இரும்புக் கடையில் செம்புப் பட்டை தேடி எடுத்து, ஆக்சா பிளேடால் ஒவ்வொரு கோடாக அறுத்தார். மேலே அக்ரிலிக் மூடி, இடையில் ரப்பர், நாலு திருகு. மீன்தொட்டி மோட்டாரும் பழைய கார் ரேடியேட்டரும் சேர்த்தோம். தண்ணீருக்கு ஒரு வாளி. அதை நான்தான் நிரப்பினேன், வற்ற வற்ற நான்தான் ஊற்றினேன்.

பத்து நாள் ஜோராக ஓடியது. பிறகு பழையபடி சூடு. நான் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை, கோடு கோணல் என்று முடிவே கட்டிவிட்டேன். அளவு கொடுத்தால் அளவில் அறுக்கத் தெரியாதா, டிராக்டருக்குச் சம்மட்டி அடிக்கிற கைக்கு இதெல்லாம் எங்கே வரும் என்று வாய்க்கு வந்தபடி வைதேன். அவர் மறுநாள் இன்னொரு கட்டி அறுத்துக் கொண்டுவந்து வைத்தார். அதுவும் ஒரு வாரம்தான் தாங்கியது. அடுத்த வேலையை அனுப்ப மூன்று நாள்தான் இருந்தது.

அன்றைக்குத்தான் மூடியைக் கழற்றினேன். கோடெல்லாம் வெள்ளையாகப் படிந்து அடைத்திருந்தது. அந்த வெள்ளையை எனக்கு நன்றாகத் தெரியும். எங்கள் பாத்ரூம் குழாயிலும் வெந்நீர் போடுகிற ராடிலும் தினமும் பார்க்கிறதுதான்.

எட்டு நாளைக்கு ஒருதரம் குழாயில் வருகிற நல்ல தண்ணி எங்களுக்குக் குடிக்கவும் பொங்கவும் மட்டும். மற்றதுக்கெல்லாம் போர் போட்டு எடுத்த உப்புத் தண்ணிதான். நல்ல தண்ணியில் கை கழுவினாலே வைகிற வீடு. மெஷினுக்கு என்றதும் என் கை தானாக உப்புத் தண்ணிக் குழாய்க்குத்தான் போயிருக்கிறது. இத்தனைக்கும் இன்வெர்ட்டருக்குக் கேனில் உப்பே இல்லாத பேட்டரி தண்ணி வாங்கி, மாதாமாதம் பார்த்துப் பார்த்து ஊற்றுகிறவளும் நானேதான். கூறுகெட்டவள்.

புளியைக் கரைத்து அந்தக் கட்டியை ஊறப்போட்டுத் தேய்த்தேன். எல்லாவற்றையும் அலசிப் பேட்டரி தண்ணி ஊற்றினேன். வேலை சொன்ன நாளுக்குப் போய்ச் சேர்ந்தது, சென்னைப் பேச்சும் அதோடு நின்றது. ஆனால் அவரிடம் நடந்ததைச் சொல்ல நாலு நாளாக வாய் வரவில்லை. அத்தனை வீராப்பு.

ஐந்தாம் நாள் முதல் கட்டியையும் புளி போட்டு விளக்கி எடுத்துக்கொண்டு ஒர்க்‌ஷாப்புக்கே போனேன்.

"தப்பு எம்மேலதாங்க. உப்புத் தண்ணிய ஊத்திட்டு உங்களப் போயி வஞ்சுட்டேன்."

அவர் கட்டியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஏங்கைதான் கோணிருச்சுன்னுல்லா நெனச்சேன். நீ சென்னைக்குப் போயிருவியோன்னு பயந்து பயந்துதானட்டி ஒவ்வொரு கோடா அறுத்தேன்."

மேசையில் கிடந்த ஸ்கேலை எடுத்து அவர் கையில் கொடுத்து, வைத்துப் பாருங்கள் என்றேன். பதினாறையும் வைத்துப் பார்த்தார். ஒன்றுகூடக் கோணல் இல்லை.