ஓடைக்கரை வேண்டாம் என்று எடுத்த அறை

பாங்கொக்கில் எங்களுக்குத் தங்க இடம் பார்த்துத் தந்தவர் என் மருமகன். அந்த இடம் வேண்டாம் என்று சொன்னவன் நான். இரண்டையும் முதலிலேயே எழுதிவிடுகிறேன். இல்லாவிட்டால் சொந்தக்காரர்கள் ஆளுக்கொரு கதை சொல்லுவார்கள்.

மகள் அங்கே பிள்ளை பெற்றிருந்தாள். வயிற்றைக் கீறித்தான் எடுத்தார்கள். மருமகனுக்கு ஆடைத் தொழிற்சாலையில் வேலை. காலையில் போனால் இருட்டித்தான் வீடு திரும்புவார். அவள் தனியாக ஒரு வாளித் தண்ணீரைக்கூடத் தூக்க முடியாத நிலை. பச்சைப் பிள்ளையைக் குளிப்பாட்ட ஆள் வேண்டும் என்பதற்காகவே என் மனைவி புறப்பட்டாள். எங்கள் பக்கத்தில் அது பிள்ளை பெற்றவளுடைய தாயின் வேலை, வேறு யாரும் கைவைக்க மாட்டார்கள். தரையில் உட்கார்ந்து காலை நீட்டி, இரண்டு கால்களுக்கு நடுவில் பிள்ளையைக் கிடத்தி, எண்ணெய் தேய்த்து, மூக்கை நீவி, வெந்நீர் ஊற்றி, சாம்பிராணிப் புகை காட்டி முடிக்க வேண்டும். காலையில் பிள்ளை பாலைக் குடித்துவிட்டுத் தூங்கப் போவதற்கு முன்னால் அத்தனையும் ஆக வேண்டும். அவள் இலங்கையில் எங்கள் ஊரான டிக்கோயாவிலிருந்து விளக்கெண்ணெயும் வசம்பும் சாம்பிராணியுமாக ஒரு பை கட்டிக்கொண்டு வந்தாள். உடுப்பு வைக்க இடம் போதவில்லை.

மகளின் வீடு ஒற்றை அறை. அங்கேயே தங்கச் சொன்னார்கள். நான் சம்மதிக்கவில்லை. நான் பிறந்தது தேயிலைத் தோட்டத்து லயத்தில், கூலிக்காரர்களின் வரிசை வீட்டில், ஒற்றைக் காம்பராவில். ஒரே காம்பராவுக்குள் அப்பா, அம்மா, அண்ணன், அண்ணனுக்குப் புதிதாக வந்த மனைவி, நாங்கள் சின்னவர்கள் எல்லாரும் குறுக்கே ஒரு சேலையைக் கட்டிக்கொண்டு படுத்தோம். மருமகன் இருக்கிற ஒற்றை அறையில் மாமியாரைப் படுக்க வைப்பதற்காக நான் லொறி வாங்கவில்லை.

லொறிக் கதையையும் சொல்லிவிட வேண்டும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். மரக்கறி லொறியில் மூட்டை ஏற்றினேன். பிறகு அந்த லொறியையே வாங்கினேன். பிறகு இன்னொன்று. நுவரெலியா கரட்டும் லீக்ஸும் கொழும்புக்குப் போகிறதென்றால் அதில் என் பங்கும் இருக்கிறது. டிக்கோயாவில் மேட்டின் உச்சியில் வீடு கட்டினேன். நாங்கள் வேலை செய்த தோட்டத்துத் தொரை பங்களா இன்றைக்கு என் மொட்டை மாடியிலிருந்து பார்த்தால் கீழேதான் தெரியும். யாரும் எனக்குத் தூக்கிக் கொடுக்கவில்லை.

மருமகன் பார்த்த இடம் ஒரு கால்வாய்க் கரையில் இருந்தது. பழைய மர வீடு. கீழே ஒரு அம்மா நூடுல்ஸ் கடை வைத்திருந்தார், மேலே வாடகைக்கு ஓர் அறை. வாசலிலேயே படகுத்துறை. அங்கிருந்து இரண்டு துறை தள்ளி மகளின் வீடு. கைபேசியில் படம் பிடித்துக் காட்டினார். கறுத்த தண்ணீர் தெரிந்தது.

“ஓடைக்கரையிலயா மாப்புள எங்கள குடி வைக்கிறீங்க?” என்று கேட்டேன்.

“இங்க அதுதான் மாமா ரோடு மாதிரி,” என்றார்.

எனக்கு அது ஏறவில்லை. மலையில் இடம் பார்க்கிறவன் மேட்டைத்தான் பார்ப்பான். உச்சியில் தொரை பங்களா, நடுவில் கணக்கெழுதும் கிளாக்கர் வீடு, பள்ளத்தில் ஓடையை ஒட்டி லயம். மழை பெய்தால் மேலே இருக்கிறவன் வாசலைக் கழுவிய தண்ணீர் கீழே இருக்கிறவன் வாசலுக்கு வரும். இரத்தம் குடிக்கிற அட்டையும் அங்கேதான். ஒரு மனிதன் எவ்வளவு தூரம் முன்னேறினான் என்று தெரிய வேண்டுமானால் அவன் வீடு எவ்வளவு மேலே ஏறியிருக்கிறது என்று பார்த்தால் போதும் என்பது எங்கள் கணக்கு. ஆகவே நானே ஆள் பிடித்து, பெரிய தெருவில் ஒரு கோபுரக் கட்டடத்தில் இருபது மாடிக்கும் மேலே அறை எடுத்தேன். வாடகை கூடுதல்தான். சன்னலைத் திறந்தால் ஊரே காலடியில் கிடந்தது.

அந்த ஊர் தட்டையான ஊர். தோசைக்கல் மாதிரி. மேடு என்று ஒன்று அங்கே கிடையவே கிடையாது. கோபுரத்தின் மேலே இருக்கிறவனும் கீழே இறங்கினால் மற்றவர்களோடு அதே தெருவில்தான் நிற்க வேண்டும்.

முதல் நாள் காலையில் டாக்ஸி பிடித்தோம். தெருவில் வண்டிகள் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நின்றன. எங்கள் ஹட்டன் டவுனில் தேர் நாளில்கூட அப்படி நின்றதில்லை. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பிள்ளை ஈரத்துணியால் துடைக்கப்பட்டு, பால் குடித்து, தூங்கிக்கொண்டிருந்தான். அடுத்த நாள் இன்னும் வெள்ளென இறங்கினோம். அன்றைக்கு மழை. நான் டிரைவருக்கு வேறு வழியெல்லாம் கையால் காட்டினேன். ரோடு தெரிந்தவன் நான். அவர் சிரித்துக்கொண்டு ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்துத் தொடையில் வைத்துக்கொண்டார். அன்றும் பிள்ளை தூங்கிவிட்டான். மகள் தானே குனிந்து துடைத்திருக்கிறாள் என்பது அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததிலேயே தெரிந்தது.

அன்று மாலை நாங்கள் அறைக்குத் திரும்பிய பிறகு அவள் தாயைக் கூப்பிட்டாள். கைபேசி மேசையில் கிடந்தது, எனக்கும் கேட்டது.

“அம்மா, நீங்க வாறதுக்குள்ள தூங்கிர்றான். எழுப்பினா நாள் பூரா அழுவுறான். பக்கத்து வீட்ல ஒரு அம்மா குளிப்பாட்டித் தாறேங்கிறாங்க. நாளையில இருந்து அவங்களையே வரச் சொல்லிரட்டுமா?”

“நாளைக்கு ஒரு நாள் பொறு,” என்று மட்டும் சொல்லி என் மனைவி வைத்துவிட்டாள். நூல் அறுந்த பட்டம் மாதிரி அந்த அறையில் அங்கும் இங்கும் நடந்தாள். நாளைக்கும் நேரத்துக்குப் போகவில்லை என்றால் அவள் வந்த காரியம் முடிந்தது. அந்தப் பையை அவிழ்க்காமலே ஊருக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டியதுதான்.

பிறகு சன்னலோரம் போய் நின்றாள். வெகுநேரம் நின்றாள்.

“என்னங்க, இங்க வாங்க. அந்தத் தங்கக் கூரைக் கோயில் தெரியுதா? அது நம்ம புள்ள வீட்டுப் பக்கத்துக் கோயிலு. கீழ பாருங்க, கறுப்பா ஒரு கோடு போகுதுல்ல? அது நேரா அங்கதான் போகுது. அதுல படகு பறக்குது. ரோட்டுல ஒண்ணும் நகரல.”

பார்த்தேன். வீடுகளுக்கு நடுவில் அந்தக் கால்வாய் ஒரு குறுக்குப் பாதை மாதிரி கிடந்தது. தோட்டத்தில் லொறி ரோடு மலையைச் சுற்றிச் சுற்றிப் போகும். ஆள்கள் தேயிலைக்குள் குறுக்கே இறங்கிப் போய்விடுவார்கள். அந்த உயரத்தில் அறை எடுத்ததால்தான் அவளுக்கு அது கண்ணில் பட்டது. இதையும் நான் அவளிடம் சொன்னேன்.

“சரி, கண்டுபிடிச்சது நீங்கதான்,” என்றாள். “காலையில கூட வாங்க.”

காலையில் மேம்பாலம் ஏறி, பெரிய தெருவைக் கடந்து, சந்துக்குள் நடந்து துறைக்குப் போனோம். எனக்கு முழங்கால் வலி; அவள் முன்னால் போய்விட்டாள். அங்கே படகு வந்து நிற்பதில்லை. பழைய டயர்களைக் கட்டிய கரையில் ஒருமுறை உரசும், கயிற்றைச் சுற்றுவார்கள், ஆள்கள் ஏறுவார்கள், இறங்குவார்கள், போய்விடும். டிக்கெட் கொடுக்கிற பெண் தலையில் ஹெல்மெட்டோடு படகின் வெளி விளிம்பில் நடந்துகொண்டிருந்தாள். அதைப் பார்த்து நான் கொஞ்சம் யோசித்தேன். என் மனைவி யோசிக்கவில்லை. சேலையைத் தூக்கிச் சொருகிக்கொண்டாள், பையைத் தோளில் மாட்டினாள், கயிற்றைப் பிடித்துப் படகின் விளிம்பைத் தாண்டி உள்ளே இறங்கிவிட்டாள். கல்யாணத்துக்கு முன்னாலும் பின்னாலும் செங்குத்து மலையில் கொழுந்துக் கூடையோடு ஏறி இறங்கிய கால். படகு ஆடியது, அவள் ஆடவில்லை.

அடுத்த படகில் போவதுதான் எனக்குச் சரி என்று பட்டது. அவள் தூரத்திலிருந்து கோயில் பக்கம் கையைக் காட்டிக்கொண்டே போனாள்.

அடுத்ததில் இரண்டு பேர் என் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டார்கள். தண்ணீர் தெறிக்காமல் இருக்கப் பக்கவாட்டில் ஒரு பிளாஸ்டிக் சீலை. உட்கார்ந்திருக்கிறவர்களே கயிற்றை இழுத்து அதைத் தூக்கிப் பிடிக்க வேண்டும். கயிறு என் கைக்கு வந்தது. லொறிக்குத் தார்ப்பாய் இழுத்துக் கட்டிய கை இது. என் வரிசையில் ஒரு சொட்டு உள்ளே வரவில்லை. முன் வரிசைக்காரர்கள் நனைந்தார்கள்.

மகளின் வீட்டுக் கதவு திறந்தே கிடந்தது. குளியலறை சின்னது, என் மனைவி உள்ளே உட்கார்ந்து, நீட்டிய பாதம் இரண்டும் வாசலுக்கு வெளியே வந்திருந்தன. பிள்ளை அந்தக் கால்களில் குப்புறக் கிடந்தான். மருமகன் இன்னும் வேலைக்குப் புறப்படாமல் வெந்நீர் வாளியைப் பிடித்துக்கொண்டு நின்றார். மகள் கட்டிலில் சாய்ந்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள். பிள்ளை ஒரு பாட்டம் அழுதுவிட்டு, முதுகில் தண்ணீர் விழுந்ததும் சும்மாயிருந்தான்.

“வந்துட்டீங்களா,” என்றாள் மனைவி, தலையைத் திருப்பாமல். “மாப்புள்ளைக்கு நேரமாகுது. அவரு கூடவே போயி அந்த நூடுல்ஸ்காரம்மா ரூமைப் பேசிட்டு வாங்க. தெனமும் அம்புட்டு தூரம் நடந்து படகு புடிக்க என்னால ஏலாது. அங்க அடுப்பும் இருக்காம்.”

“ஓடைக்கரை,” என்றேன்.

“இருக்கட்டும்.”

மருமகன் என்னைக் கடை வாசலில் இறக்கிவிட்டு, “கேட்டுப் பாருங்க மாமா, வேணாம்னா விட்டுருங்க,” என்று சொல்லி அதே படகில் வேலைக்குப் போனார். கடைக்கார அம்மாவுக்கு என் மொழி தெரியாது, எனக்கு அவர் மொழி தெரியாது. நாற்பது வருடம் சிங்களத்திலும் தமிழிலும் விலை பேசியவனுக்கு அது ஒரு பெரிய காரியமில்லை. வெள்ளம் வருமா என்று கையைத் தரையிலிருந்து உயர்த்திக் கேட்டேன். அவர் தன் முழங்காலைத் தொட்டுக் காட்டிவிட்டு, மேலே படுக்கலாம், பயமில்லை என்பதுபோல் படியைக் காட்டினார். அறை சுத்தமாக இருந்தது. ஒரு படகு போனபோது சன்னல் சட்டம் லேசாக அதிர்ந்தது.

எத்தனை பேர், எவ்வளவு நாள் என்று விரலால் கேட்டார். இரண்டு பேர், ஒரு மாதம் என்று காட்டினேன். இந்த வயதில் இங்கே என்ன வேலை என்று முகத்தால் கேட்டார். நான் படியில் உட்கார்ந்து, காலை நீட்டி, அதன்மேல் ஒன்றுமில்லாத இடத்தில் தண்ணீர் ஊற்றிக் காட்டினேன். அந்த அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பிறகு அடுப்பை அணைத்துவிட்டு, ஆணியில் தொங்கிய சாவியை எடுத்துக் கையில் கொடுத்தார்.